பனி நாட்டுக்குப் போன மூங்கில்

மூங்கில் என்றால் நமக்கு வெயிலும் மழையும் உள்ள ஊரின் செடி. கல்யாணப் பந்தலுக்கு மூங்கில், ஏணிக்கு மூங்கில், கூடைக்கும் முறத்துக்கும் மூங்கில், கடைசியில் பாடைக்கும் அதே மூங்கில். அதனால்தான் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்வரும் நம்மவர்கள், முழங்கால் அளவு பனிக்கு நடுவே பச்சை இலையோடு நிற்கும் மூங்கிலைப் பார்த்துவிட்டு, "இது எப்படி இங்கே?" என்று வியந்து போகிறார்கள்.

ஐரோப்பாக் கண்டத்தில் இயற்கையாக ஒரு மூங்கில்கூடக் கிடையாது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் ஆற்றங்கரைகளில் வளரும் நாணல் போன்ற மூங்கில் இனங்கள் சில உண்டு. செரோக்கி முதலான பூர்வகுடிகள் அதில் கூடை பின்னினார்கள். மற்றபடி இன்று அந்த நாடுகளில் நிற்கும் மூங்கில் எல்லாம் கிழக்கிலிருந்து போனவை. போனது கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள். அவை உயிரோடு நிற்பதற்குக் காரணம் சிலருடைய பணம், சிலருடைய பிடிவாதம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒருவர் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம். சொல்லிக்கொடுக்காமல் விட்டதால் வந்த வினையும் உண்டு. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு ஜாதி மூங்கில்

கதைக்குப் போகுமுன் செடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்க் கல்மூங்கிலும் முள்மூங்கிலும் புதராக வளர்பவை. அவற்றின் நிலத்தடிக் கிழங்கு இஞ்சியைப் போலக் குட்டையாகவும் பருத்தும் இருக்கும். புது முளை தாய்க்குப் பக்கத்திலேயே வரும். கல்யாண வீட்டில் பெரியவர்கள் மூங்கிலைச் சொல்லி வாழ்த்துவது இதனால்தான். சுற்றம் பிரியாமல் ஒரே தூரில் நிற்கிறது அல்லவா?

சீனாவிலும் ஜப்பானிலும் குளிர் பகுதிகளில் வளரும் மூங்கில்களில் பெரும்பாலானவை வேறு ஜாதி. அவற்றின் நிலத்தடித் தண்டு மெலிந்து நீண்டு, அறுகம்புல்லைப் போல மண்ணுக்குள்ளேயே ஓடும். கணுவுக்குக் கணு முளை விடும். ஒன்றை இங்கே நட்டால் சில வருஷத்தில் இருபது அடி தள்ளி இன்னொன்று எழும்பும்.

பருவத்திலும் வேறுபாடு உண்டு. நம் மூங்கில் மழைக்காலத்தில் குருத்து விடும். அந்தக் குணத்தோடு குளிர் நாட்டுக்குப் போனால், கோடையின் முடிவில் எழும் இளங்குருத்து முற்றுவதற்குள் பனி வந்து கருக்கிவிடும். ஓடும் ஜாதி மூங்கிலோ குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு, வசந்தம் வந்ததும் குருத்து விடும். இரண்டே மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். அடுத்த பனிக்குள் கழி முற்றிக் கெட்டிப்படும். குளிர் நாட்டில் பிழைக்கும் ரகசியத்தில் பாதி இதுதான்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. உயர்ந்த மலைகளில், பாண்டாக் கரடிகள் வாழும் உயரத்தில் வளர்வது. நம் மூங்கிலைப் போலப் புதராகவும் இருக்கும், கடுங்குளிரையும் தாங்கும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நம் நீலகிரி, ஆனைமலை உச்சிச் சோலைகளிலும் உறைபனியைத் தாங்கும் சிறு மூங்கில்கள் இருக்கின்றன என்பதை மட்டும் இப்போது நினைவில் வையுங்கள்.

பிரான்சில் ஒரு வியாபாரி

இங்கிலாந்துக்கு முதலில் போன குளிர் தாங்கும் மூங்கில் கருமூங்கில். 1827-ஆம் ஆண்டு என்று சொல்வார்கள். ஒன்றிரண்டு தொட்டிகளில் வேடிக்கைப் பொருளாக இருந்ததே தவிர, அதைத் தோப்பாக வளர்க்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை.

தோப்பாக வளர்த்துக் காட்டியவர் யூஜின் மாசெல் என்ற பிரெஞ்சுக்காரர். கீழைநாட்டு வாசனைப் பொருள் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். 1856-ஆம் ஆண்டு தென் பிரான்சில் செவென் மலையடிவாரத்தில், ஆண்டூஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையை வாங்கினார். ஆற்று வண்டல் மண். மலை ஒரு பக்கம் காற்றைத் தடுக்கிறது. தண்ணீர் போதாது என்று சில கிலோமீட்டர் தூரத்திலிருந்து கார்டோன் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மூங்கில்களை வரவழைத்து நட்டார்.

வண்டல் மண், காற்றுத் தடுப்பு, தாராளமான தண்ணீர் என்று மூங்கிலுக்கு வேண்டிய மூன்றும் அங்கே ஒன்றாகக் கூடின. சீனத்துப் பெருமூங்கிலான மோசோ அங்கே அறுபது அடிக்கு மேல் வளர்ந்து நின்றது.

செடி வாழ்ந்தது, மனிதர் வாழவில்லை. தோட்டச் செலவு அவருடைய சொத்தைத் தின்றது. கடன் முற்றி 1890-ல் பண்ணை கையை விட்டுப் போயிற்று. 1902-ல் காஸ்டன் நெக்ர் என்பவர் அதை வாங்கினார். அவருடைய குடும்பம் இரண்டு உலகப் போர்களையும், 1956-ன் கொடும் உறைபனியையும், 1958-ன் ஆற்று வெள்ளத்தையும் தாண்டித் தோப்பைக் காப்பாற்றியது. இன்றும் அது ஊர் மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தோட்டமாக இருக்கிறது. பழைய படங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு தகவல்: 1953-ல் வந்த புகழ்பெற்ற பிரெஞ்சுப் படமான 'லெ சலேர் டி லா பெர்' கதை நடப்பது தென் அமெரிக்காவில். அந்தக் காட்டுக் காட்சிகளில் சிலவற்றை எடுத்தது இந்த மூங்கில் தோப்பில்.

வேலையை விட்ட பிறகு எழுதிய புத்தகம்

அடுத்தவர் ஆங்கிலேயர். ஆல்ஜர்னான் பெர்ட்ராம் ஃப்ரீமன் மிட்ஃபர்ட். 1866 முதல் 1870 வரை ஜப்பானில் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்த்தவர். பிறகு லண்டனில் பொதுப்பணித் துறையில் செயலாளர். 1886-ல் பாட்ஸ்ஃபர்ட் என்ற பரம்பரைச் சொத்து கைக்கு வந்ததும் உத்தியோகத்தை விட்டுவிட்டு அங்கே போய்விட்டார். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்டு குன்றுப் பகுதி அது, குளிருக்குப் பஞ்சமில்லாத இடம்.

ஜப்பானில் பார்த்த மூங்கில் அவர் மனதை விட்டுப் போகவில்லை. குன்றின் சரிவில் வகைவகையாக நட்டார். 1895 பிப்ரவரியில் இங்கிலாந்தில் கடும் உறைபனி. தேம்ஸ் நதியில் பனிக்கட்டிகள் மிதந்த வருஷம். மூங்கிலுக்கு அது ஒரு பரீட்சை. மறு வருஷம், 1896-ல், அவருடைய 'மூங்கில் தோட்டம்' என்ற புத்தகம் வெளிவந்தது. எந்த வகை எப்படி இருக்கும், எங்கே நடலாம், எப்படிக் காப்பது என்று தோட்டக்காரனுக்குப் பயன்படும்படி எழுதிய ஆங்கில நூல். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலும் 1891-92-ல் சுமார் நாற்பது வகைகளோடு ஒரு மூங்கில் தோட்டம் தொடங்கியிருந்தார்கள். இன்று அங்கே நூற்றுக்கு மேல் வகைகள் இருக்கின்றன.

மிட்ஃபர்டோடு ஜப்பானில் வேலை பார்த்த எர்னஸ்ட் சாட்டோ என்ற தூதர் ஜப்பானிய மொழி நன்றாகக் கற்றவர். கதயாமா என்பவர் ஜப்பானிய மொழியில் எழுதிய மூங்கில் நூலை அடிப்படையாக வைத்து 1899-ல் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். இதன் மூலம் கிழக்கத்திய விவசாயியின் கைப்பக்குவம் மேற்கத்தியத் தோட்டக்காரனுக்குக் கிடைத்தது. சீனாவில் மூங்கிலைப் பற்றித் தனி நூல் ஐந்தாம் நூற்றாண்டு வாக்கிலேயே எழுதிவிட்டார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் பின்னால் வந்தவர்களுக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

அந்தப் பக்குவங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சீனாவிலும் ஜப்பானிலும் சந்திர மாதக் கணக்கில் ஐந்தாம் மாதம் பதின்மூன்றாம் நாளை 'மூங்கில் போதையில் இருக்கும் நாள்' என்பார்கள். அன்றைக்கு மூங்கிலைத் தோண்டி இடம் மாற்றினால் அதற்குத் தெரியாதாம், வாடாமல் பிழைத்துக்கொள்ளுமாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த நாள் வருவது அங்கே மழைக்காலம் தொடங்கும் ஜூன் மாத வாக்கில். காற்று ஈரம், மண் ஈரம், புதுக் குருத்து நிமிர்ந்து முடித்த நேரம். நம் ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பதைப் போல, அனுபவத்தை மறக்காமல் இருக்க ஒரு கதையில் பொதிந்து வைத்திருக்கிறார்கள்.

நம் காட்டிலாகா அதிகாரி ஒருவர்

மிட்ஃபர்டின் புத்தகம் வந்த அதே 1896-ல் கல்கத்தாவிலிருந்து இன்னொரு மூங்கில் நூல் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மூங்கில்கள் பற்றியது. எழுதியவர் ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள். 1882 முதல் 1890 வரை சென்னை ராஜதானியில் காட்டிலாகா அதிகாரியாக இருந்தவர். பிறகு டேராடூன் வனப் பள்ளிக்குத் தலைவரானார்.

1899-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய அவர் சும்மா இருக்கவில்லை. 'சென்னை ராஜதானியின் தாவரங்கள்' என்ற பெரிய நூலை எழுதத் தொடங்கினார். 1915 முதல் பகுதி பகுதியாக வந்தது. 1925-ல் அவர் இறந்தபோது பாதியில் நின்ற வேலையை ஃபிஷர் என்பவர் தொடர்ந்து 1936-ல் முடித்தார். இன்றும் நம் கல்லூரிகளில் தாவரவியல் படித்தவர்களுக்கு 'கேம்பிள்' என்றால் அந்தப் புத்தகம்தான்.

குளிர் நாட்டு மூங்கிலுக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. எர்னஸ்ட் வில்சன் என்ற செடி சேகரிப்பாளர் மத்திய சீனாவின் மலைகளில் ஒரு அழகான புதர் மூங்கிலைக் கண்டெடுத்தார். அது 1913-ல் கியூவுக்கு வந்தது. மெல்லிய கழிகள் எல்லாப் பக்கமும் வளைந்து குடை விரித்தது போல இருக்கும். அதை ஆராய்ந்து 1920-ல் பெயரிட்டவர் நம் கேம்பிள். வில்சனின் ஒரே மகள் மூரியல். அந்தக் குழந்தையின் பெயரையே செடிக்கு வைத்தார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மூங்கில் 1880-களில் ருஷ்ய யாத்திரிகர்கள் சீனாவிலிருந்து அனுப்பிய விதையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முளைத்து, 1889-ல் கியூவுக்கு வந்து சேர்ந்தது. இந்த இரண்டும் மைனஸ் 25 டிகிரி வரைகூடத் தாங்கும். ஓடவும் ஓடாது. ஐரோப்பா முழுக்க வீட்டுத் தோட்டங்களில் மூங்கில் பரவியதற்கு இவையே பெரிய காரணம்.

அமெரிக்கா போன கதை

1880-ல் எடிசனுடைய மின்விளக்குக்குள் எரியும் இழைக்காக உலகமெல்லாம் நார் தேடினார்கள். ஜப்பானில் கியோட்டோவுக்குப் பக்கத்தில் யவாத்தாவில் கிடைத்த மதாகே என்ற மூங்கிலின் இழை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. பல ஆண்டுகள் அமெரிக்க விளக்குகளில் எரிந்தது அந்த மூங்கில்தான்.

இதே மதாகே ஜாதி மூங்கில் மூன்று செடிகளை 1890 வாக்கில் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் நட்டார். அது தோப்பாகிவிட்டது. அமெரிக்க விவசாயத் துறையில் வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவரும் பிரிவை நடத்திய டேவிட் ஃபேர்சைல்டு 1915-ல் இந்தத் தோப்பைப் பற்றிக் கேள்விப்பட்டார். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் மருமகன் இவர். மூங்கில் மீது தனிப் பிரியம். ஜப்பானுக்கே போய்ப் பார்த்து 1903-ல் ஜப்பானிய மூங்கில்கள் பற்றி அரசாங்க வெளியீடு ஒன்று எழுதியவர். அவருடைய நண்பர் பார்பர் லாத்ராப் என்ற செல்வந்தர் 1919-ல் அந்த இடத்தை வாங்கி அரசுக்கு ஒரு டாலர் குத்தகைக்குக் கொடுத்தார். அறுபது வருஷம் அது அமெரிக்காவின் மூங்கில் நாற்றங்காலாக இருந்தது.

செடி தேடிச் சீனாவெங்கும் கால்நடையாக அலைந்தவர் ஃபிராங்க் மேயர், ஹாலந்துக்காரர். 1907-ல் அவர் அனுப்பியவற்றில் ஒன்று, பச்சைக் கழியில் மஞ்சள் வாய்க்கால் ஓடும் மூங்கில். மைனஸ் 20 டிகிரியைத் தாண்டியும் பிழைக்கும். 1918-ல் யாங்சி நதியில் கப்பலில் போகும்போது காணாமல் போய் நீரில் பிணமாகக் கிடைத்தார் மேயர். அவர் அனுப்பிய மூங்கிலுக்குப் பெயர் வைத்து விவரம் எழுதியவர் ஃபிளாய்டு மெக்ளூர். சீனாவில் காண்டன் நகரக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்திக்கொண்டே மூங்கில் ஆராய்ந்தவர். மூங்கில் வெட்டும் தொழிலாளர்களிடமும் கூடை முடைபவர்களிடமும் நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்ட அறிஞர் அவர்.

1970-களின் இறுதியில் சவானா நிலையத்தை அரசு மூடியது. அந்தச் சமயத்தில், 1979-ல், தெற்குக் கலிபோர்னியாவில் மூங்கில் பித்து கொண்ட சிலர் சேர்ந்து அமெரிக்க மூங்கில் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுச் செடியைத் தனிமைப்படுத்தி நோய் பார்த்து வைக்க ஒரு கண்ணாடி வீடு, எந்த வகை யாரிடம் கிடைக்கும் என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல், அனுபவங்களை எழுத ஒரு பத்திரிகை. அரசு விட்ட இடத்தில் வீட்டுத் தோட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கற்ற பாடங்கள்

இத்தனை பேர் இத்தனை வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். பிள்ளைகள் குளிர் தேசத்தில் வீடு வாங்கியிருந்தால் அவர்களுக்கும் சொல்லலாம்.

முதல் பாடம், மூங்கிலைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல, தாகம். மூங்கில் குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது. மண் உறைந்து கல்லாகிவிட்டால் வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. மேலே வெயிலும் வறண்ட காற்றும் இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் காற்று நேராக அடிக்காத இடம் பார்த்து நட வேண்டும். மண் உறைவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது, உதிர்ந்த மூங்கில் இலையைப் பெருக்கித் தள்ளக் கூடாது. அது வேருக்குக் கம்பளி. கூடவே மூங்கிலுக்கு வேண்டிய சிலிக்கா என்ற மணல் சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இன்னும் வைக்கோலோ மரத்தூளோ அரை அடிக்குப் போட்டு மூடினால் உறைபனி கிழங்கு வரை இறங்காது. மேலே கழி முழுவதும் கருகினாலும் கிழங்கு பிழைத்தால் வசந்தத்தில் மறுபடி முளைக்கும். வெட்டி எறிய அவசரப்படக் கூடாது.

மூன்றாவது, நடும் காலம். ஜப்பானில் ஜூன் மழையில் நடலாம். கடுங்குளிர் நாட்டில் பனி விலகிய வசந்தத்தில் நட்டால்தான் அடுத்த பனிக்குள் வேர் பிடிக்கும். இலையுதிர் காலத்தில் நட்ட கன்று முதல் குளிரிலேயே போய்விடும். பிரித்து எடுக்கும்போது ஒற்றைக் கழியைப் பிடுங்காமல், இரண்டு மூன்று கழிகளைக் கிழங்கோடும் மண்ணோடும் எடுக்க வேண்டும். வழியில் வேர் காயவே கூடாது. கப்பலில் போன செடிகள் செத்ததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

நான்காவது, பொறுமை. மூங்கில் கழி மற்ற மரங்களைப் போல வருஷா வருஷம் பருக்காது. எந்தப் பருமனில் மண்ணை விட்டு வருகிறதோ அதுவே கடைசி வரை. அடுத்த வருஷக் குருத்துதான் இதைவிடப் பருமனாக வரும். முதல் வருஷம் தூங்கும், இரண்டாம் வருஷம் தவழும், மூன்றாம் வருஷம் தாவும் என்று அங்கேயுள்ள தோட்டக்காரர்கள் சொல்வார்கள். சிறு கன்று குளிரில் சாவதைப் பார்த்து அந்த வகையே ஆகாது என்று முடிவு கட்டக் கூடாது. வேர் ஊன்றிய பழைய புதர் அதே குளிரைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஐந்தாவது, ஓடும் ஜாதியானால் வேலி மண்ணுக்குள் இருக்க வேண்டும். நிலத்தடித் தண்டு பெரும்பாலும் மேல் ஒன்றரை அடிக்குள்தான் ஓடும். இரண்டு அல்லது இரண்டரை அடி ஆழத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தடுப்பைச் சுற்றிலும் புதைக்க வேண்டும். தடுப்பின் மேல் விளிம்பு மண்ணுக்கு மேல் கொஞ்சம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தாண்டிக் குதித்துவிடும். அல்லது சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, வருஷத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்க்கும் தண்டுகளை நறுக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டதால் வந்த வினை

இந்த ஐந்தாவது பாடத்தில்தான் சிக்கல். மேயர் அனுப்பிய மஞ்சள் வாய்க்கால் மூங்கில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஒரு கிழங்காக, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் வரை போய்விட்டது. 'சீக்கிரம் வளரும், பனியைத் தாங்கும், வேலி போல மறைக்கும்' என்ற புகழ் செடியோடு கூடவே போனது. 'மண்ணுக்குள் தடுப்பு வை' என்ற எச்சரிக்கை கூடவே போகவில்லை.

விளைவு என்ன? பக்கத்து வீட்டுப் புல்வெளியில் மூங்கில், நடைபாதைத் தாரைப் பிளந்துகொண்டு மூங்கில். நட்டவர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார், வாங்கியவருக்கு அது என்னவென்றே தெரியாது. அண்டை வீட்டார் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013-ல் கனெக்டிகட் மாநிலம் ஓடும் மூங்கிலுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அடுத்தவர் நிலத்தில் மூங்கில் புகுந்து சேதம் செய்தால் நட்டவரே பொறுப்பு. நியூயார்க் மாநிலம் இந்த மஞ்சள் வாய்க்கால் மூங்கிலை விற்கவும் வாங்கவும் தடை விதித்த செடிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அரசாங்கமே ஆளனுப்பி வரவழைத்த செடிக்கு நூறு வருஷம் கழித்து இந்தக் கதி.

செடியின் மேல் குற்றம் இல்லை. அது தன் குணப்படி ஓடியது. குணத்தை அறிந்தவர்கள் இருந்தார்கள். புத்தகத்திலும் எழுதியிருந்தார்கள். கிழங்கைக் கை மாற்றிய மனிதர்கள் அந்த இரண்டு வரியைக் கை மாற்றவில்லை.

சொன்னதால் பிழைத்தது

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. வில்சன் மகள் பெயர் கொண்ட குடை மூங்கிலைச் சொன்னேனே, அதன் கதை.

மூங்கில் பூத்தால் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பல மூங்கில் வகைகள் வாழ்நாளில் ஒரே தடவை பூத்து, விதைத்து, மடியும். ஒரு தாயிலிருந்து பிரித்தவை எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூக்கும். எடிசன் விளக்கில் எரிந்த அந்த மதாகே ஜாதி சுமார் 120 வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது. அது 1960-களிலும் 70-களிலும் ஜப்பானில் பூத்தபோது, அங்கிருந்து போய் வேறு கண்டங்களில் நின்ற தோப்புகளும் பூத்தன. 1970-களின் நடுவில் சீன மலைகளில் மூங்கில் பூத்து மடிந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட பாண்டாக்கள் பட்டினியால் இறந்தன.

குடை மூங்கில் ஐரோப்பாவில் 1970-களின் பிற்பகுதியில் பூக்கத் தொடங்கியது. டென்மார்க்கில் ஆரம்பித்து அடுத்த இருபது ஆண்டுகளில் நாடு நாடாகப் பூத்து மடிந்தது. ஐரோப்பாவில் இருந்த அத்தனை குடை மூங்கிலும் 1913-ல் கியூவுக்கு வந்த செடியிலிருந்து பிரித்துப் பிரித்து வளர்த்தவை. ஒன்று போனால் எல்லாம் போகும்.

தன் தோட்டத்தில் ஒரு செடி காயும்போது, 'தண்ணீர் போதவில்லையோ, உரம் அதிகமோ' என்று நினைப்பதுதான் மனித இயல்பு. பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். மூங்கில் விதைக்கு ஆயுளும் குறைவு, சில மாதங்களில் முளைக்கும் திறன் போய்விடும். ஒவ்வொருவரும் அப்படிப் பிடுங்கி எறிந்திருந்தால் அந்த வகை ஐரோப்பாவிலிருந்து மறைந்திருக்கும். ஆனால் அதற்குள் மூங்கில் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளும் பழக்கத்துக்கு வந்திருந்தார்கள். 'என் செடி பூத்திருக்கிறது, உன்னுடையது?' என்று கேட்டுக்கொண்டார்கள். விதையைச் சேகரித்து உடனே விதைத்தார்கள். இன்று ஐரோப்பிய நாற்றுப் பண்ணைகளில் 'சிம்பா', 'ஜம்போ' என்ற பெயர்களில் விற்கும் குடை மூங்கில்கள் அந்த விதையில் முளைத்த அடுத்த தலைமுறை. மறுபடி பூக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். இப்போது நடுபவர்களில் பலர் அதைப் பார்க்கப் போவதில்லை. அப்போது இருப்பவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் வருபவர்களைக் கவனித்தீர்களா? மிட்ஃபர்டு உத்தியோகத்தை விட்ட பிறகு எழுதினார். கேம்பிள் ஓய்வுபெற்ற பிறகு எழுதினார், முடிக்காமல் போனதை இன்னொருவர் முடித்தார். மாசெல் எவ்வளவோ செய்தார், அவர் கையில் இருந்த பக்குவத்தை நாம் அவருடைய தோப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நம் வயதுக்காரர்கள் பலரிடமும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். எந்த மாதத்தில் வெட்டிய மூங்கிலில் வண்டு விழாது, வெட்டிய கழியை எத்தனை நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், எந்தக் கணுவுக்கு மேல் வெட்டினால் தூர் அழுகாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். கூடை முடைந்த குடும்பத்தில் பிறந்தவர்களும் இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதி வையுங்கள். செடியைக் கொடுக்கும்போது அந்த நான்கு வரியையும் சேர்த்துக் கொடுங்கள்.